ஆயில் மாற்றிய பிறகும் ஸ்பேனர் விளக்கு ஏன் எரிகிறது? அதை அணைப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: 2015 போலோ 1.2 பெட்ரோல். வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. ஆனாலும் சாவியைத் திருப்பியதும் ஒரு மணிச் சத்தத்தோடு ஸ்பேனர் படம் மின்னி, ஐ.என்.எஸ்.பி. என்று நான்கு எழுத்து வருகிறது. மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தும் போகவில்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் 800 ரூபாய் கேட்கிறார்கள். விளக்கை எப்படி அணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு சந்தேகமும் இருப்பது தெரிகிறது: புது ஆயிலை வண்டி ஏற்கவில்லையோ, மெக்கானிக் ஏதோ தப்பு செய்துவிட்டாரோ, இப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடுமோ என்று. அதை முதலில் தீர்த்துவிட்டு அணைக்கும் முறைக்கு வருகிறேன்.

உங்கள் காரில் அந்த ஸ்பேனர் படத்துக்கும் இன்ஜினுக்கு அடியிலுள்ள தொட்டியில் (சம்ப்) இருக்கும் ஆயிலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மீட்டர் பெட்டிக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, அவ்வளவுதான். கடைசியாக யாரோ அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை நாள் ஆயிற்று என்று அது எண்ணிக்கொண்டே வரும். இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன் வைத்திருக்கும் இடைவெளி 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அதனால்தான் வருடத்துக்கு 4,000 கி.மீ.கூட ஓடாத வண்டியிலும் இந்தப் படம் வந்து நிற்கிறது. மெக்கானிக் பழைய ஆயிலை இறக்கியதோ புதிதை ஊற்றியதோ மீட்டருக்குத் தெரிய வழியில்லை. தாளைக் கிழிக்காத தினசரி காலண்டர் நேற்றைய தேதியையே காட்டுவது போலத்தான் இதுவும். அதை அப்படியே விட்டு ஓட்டினால் இன்ஜின் சக்தி குறையாது, மைலேஜ் குறையாது, வண்டி நடுவழியில் நிற்காது. ஒரே நஷ்டம், அடுத்த சர்வீஸ் எப்போது என்று அது உங்களுக்குச் சொல்லாது. தவணை தாண்டிய எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் ஸ்பேனர் படத்துக்கு மட்டும். நீங்கள் பார்ப்பது அதுதானா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 'ஆயில் லைட்' என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று நான்கு விளக்குகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும் எண்ணெய்க் குடுவை சிவப்பில் எரிந்தால் அது ஆயில் அழுத்தம். சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆன ஓரிரு வினாடியில் அணைய வேண்டும். ஃபில்டர் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும், காலி ஃபில்டர் நிரம்பும்வரை, இன்னும் சில வினாடி கூடுதலாக எரியலாம். அதற்குமேல் எரிந்தாலோ ஓடும்போது எரிந்தாலோ உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். அதை 'ரீசெட்' செய்ய எந்த வழியும் கிடையாது, தேடவும் கூடாது. அதே குடுவை மஞ்சளில் வந்தால் அளவு பற்றிய எச்சரிக்கை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு புகை, எரிபொருள், சென்சார் சம்பந்தப்பட்டது. கீழே சொல்லும் முறைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி அணைக்கும் முறை. போலோ, வென்ட்டோ தலைமுறை மீட்டரில் இரண்டு பட்டன் உண்டு: டிரிப் மீட்டரைச் சுழியமாக்கும் 0.0/செட் பட்டன், கடிகாரத்தைத் திருத்தும் பட்டன். சாவியை முழுதாக அணையுங்கள். 0.0/செட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபடியே சாவியைத் திருப்பி, மீட்டர் விளக்கெல்லாம் எரியும் நிலையில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யக் கூடாது. இப்போது 0.0/செட் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, 20 வினாடிக்குள் கடிகாரப் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். திரை வழக்கமான நிலைக்குத் திரும்பும். சாவியை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். மணிச் சத்தமும் ஸ்பேனரும் வராவிட்டால் வேலை முடிந்தது. செலவு எதுவும் இல்லை.

இது முதல் முயற்சியில் கைகூடாமல் போவது சகஜம், காரணங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். பட்டனை அழுத்திய பிறகு சாவி போடுவதற்குப் பதிலாக, சாவி போட்டுவிட்டுப் பட்டனை அழுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் டிரிப் மீட்டர்தான் சுழியமாகும். சாவியைக் கொஞ்சம் கூடத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றிவிட்டால் மீட்டர் அந்த நிலையிலிருந்து வெளியேறிவிடும். கடிகாரப் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் ஆகாது, ஒரு தட்டுதான். ஒரு கை சாவியிலும் ஒரு கை பட்டனிலும் இருப்பதால் ஸ்டீயரிங்கின் இடைவெளி வழியாகக் கையை விட வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது செய்தால் சுலபம்.

பேட்டரி வயரைக் கழற்றியதில் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம், இந்தக் கணக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதுதான். ஓடிய தூரம் பேட்டரி கழற்றினால் அழியாதல்லவா, அதே கதை. அழிவது கடிகாரம், சில வண்டிகளில் மியூசிக் சிஸ்டத்தில் பதிந்த ரகசிய எண், ஒரே அழுத்தலில் ஏறும் ஜன்னல் கண்ணாடியின் அமைப்பு. பேட்டரி நீண்ட நாள் துண்டிக்கப்பட்டால் நாள் கணக்கு தவறாகக் காட்டலாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். விளக்கு அணையாது, கணக்கு மட்டும் கெடும். மெக்கானிக்குகள் எல்லா விளக்குக்கும் இந்த வைத்தியத்தையே செய்வது, பழைய வண்டிகளில் இன்ஜின் விளக்கு அப்படிச் சில நேரம் அணைந்த காலத்துப் பழக்கம்.

அணைக்கும் முன் அந்த நான்கு எழுத்தைக் கொஞ்சம் மதியுங்கள். அது 'இன்ஸ்பெக்‌ஷன்' என்பதன் சுருக்கம். வண்டி கேட்பது முழுப் பரிசோதனை. நீங்கள் செய்திருப்பது ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் பேட் கனம், பிரேக் ஆயில், கூலன்ட் அளவு, சக்கர அச்சு ரப்பர் உறைகள், பெல்ட், பேட்டரி இவற்றை யாராவது பார்த்தார்களா? பார்க்காமல் கணக்கைச் சுழியமாக்கினால், இன்னும் ஒரு வருடத்துக்கு அவற்றை யாரும் நினைவூட்டப் போவதில்லை. பத்து வயது தாண்டிய காரில் பிரேக் ஆயில் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிலோமீட்டர் கணக்கே கிடையாது. பலரது வண்டியில் வாங்கிய நாளில் ஊற்றியதே இன்னும் இருக்கும்.

ரெனோ தன் கையேட்டில் இதை நேரடியாகவே சொல்கிறது: சொன்னதைவிட அடிக்கடி ஆயில் மாற்றுபவர்கள் ஒவ்வொரு முறையும் கணக்கைச் சுழியமாக்கக் கூடாது, மற்ற பாகங்களின் தவணை தள்ளிப்போய்விடும் என்று. எல்லாக் கார்காரர்களும் பின்பற்றத்தக்க நல்ல விதி இது. டஸ்டர் டீசல் வைத்திருப்பவர் 7,500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றி, ஒவ்வொரு முறையும் விளக்கையும் அணைத்துக்கொண்டிருந்தால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் முறை வரும்போது நினைவூட்ட ஆளில்லை. அந்த 1.5 டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதுதான். டஸ்டரில் அணைக்கும் முறை எளிது: இன்ஜினை ஓட்டாமல் சாவி போட்டு, அடுத்த சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் என்ற திரைக்கு வந்து, மீட்டர் சுழியமாக்கும் பட்டனை ஏறத்தாழ 10 வினாடி, எண் நிலையாக நிற்கும்வரை, பிடித்தால் போதும்.

மற்ற வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இன்னும் சில. திரையில் செய்தி காட்டும் ஹூண்டாய்களில் இந்தக் கணக்கே வண்டிக்காரர் கையில்தான் இருக்கிறது. யூசர் செட்டிங்ஸ் பட்டியலில் சர்வீஸ் இன்டர்வல் என்று இருக்கும். எத்தனை கி.மீ., எத்தனை மாதம் என்று அங்கே பதிந்ததை அது எண்ணும். மிச்சம் 1,500 கி.மீ. அல்லது 30 நாள் ஆகும்போது முன்னறிவிப்பு தரும். தவணை கடந்தால் 'சர்வீஸ் ரிக்வயர்டு' என்று வரும். அந்தச் செய்தி திரையில் இருக்கும்போது ஓகே பட்டனை ஒரு வினாடிக்குமேல் அழுத்திப் பிடித்தால் முன்பு பதிந்த இடைவெளிக்கே திரும்பும். ஹூண்டாயில் பேட்டரி கழற்றினால் இந்த எண்கள் தப்பாகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செகண்ட்ஸில் வாங்கிய வண்டி என்றால் பழைய உரிமையாளர் என்ன பதிந்திருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே 20,000 என்று இருந்தால் அதையும் நம்பி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபோர்டு எகோஸ்போர்ட்டில் பட்டனே இல்லை, காலால் செய்ய வேண்டும். இக்னிஷன் மட்டும் போட்டு, ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்துத் தரையோடு அழுத்துங்கள். சுமார் மூன்று வினாடியில் ரீசெட் நடக்கிறது என்ற செய்தி வரும். காலை எடுத்துவிடாமல் மொத்தம் 25 வினாடி, முடிந்தது என்ற செய்தி வரும்வரை, பிடிக்க வேண்டும். முதல் செய்தியைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. பட்டன் ஸ்டார்ட் உள்ள கார்களில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை, வண்டியைப் பொறுத்து ஒன்றிரண்டு முறை, தட்டினால் பொதுவாக இக்னிஷன் மட்டும் வரும். எகோஸ்போர்ட்டில் அப்படி இக்னிஷன் வந்த பிறகுதான் காலை வைக்க வேண்டும், முதலிலேயே பிரேக்கை மிதித்தால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் பழைய கேம்ரி, கொரோலா ஓட்டும் நம்மவர்களுக்கு வரும் 'மெயின்ட் ரிக்வயர்டு' விளக்கும் வெறும் தூரக் கணக்குதான். 4,500 மைலில் மின்னத் தொடங்கும், 5,000 மைலில் நிலையாக எரியும். திரையில் மொத்த தூரம் தெரியும்படி வைத்து, சாவியை அணைத்து, டிரிப் பட்டனை அழுத்தியபடி சாவி போட்டால் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து சுழியங்கள் வரும். டிரிப் ஏ, டிரிப் பி திரையில் இருந்தபடி செய்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய. 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயில் போடும் மாடல்களில் டொயோட்டா 10,000 மைல்வரை ஆயிலுக்கு அனுமதிக்கிறது, ஆனாலும் விளக்கு 5,000 மைலில் வந்துவிடும். டயர் இடம் மாற்றுவது போன்ற வேலைகளுக்காக. விளக்கு எரிந்தாலே ஆயில் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எல்லாக் கார்களிலும் இப்படி வெறும் எண்ணிக்கைதானா என்றால், இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியிலிருந்தே இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, ஆயில் எந்தச் சூட்டில் இருந்தது என்று பார்த்து மிச்ச ஆயுளைச் சதவீதத்தில் கணிக்கும் முறையை வைத்திருக்கிறது. அமெரிக்க ஹோண்டாக்களின் மெயின்டனன்ஸ் மைண்டரும் அந்த வழியில் வந்ததுதான். 15 சதவீதத்துக்கு வந்ததும் ஏ அல்லது பி என்ற எழுத்தும், கூடவே 1 முதல் 7 வரை எண்களும் காட்டும். ஏ என்றால் ஆயில் மட்டும், பி என்றால் ஃபில்டரும் பிரேக் பரிசோதனையும் சேர்த்து. 7 வந்தால் பிரேக் ஆயில். அந்த எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகே அணைக்க வேண்டும். அணைத்தபின் மீட்டரில் அவை இருக்காது. ஆனால் இந்தக் கணிப்புகளும் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை, சரியான ஆயில்தான் ஊற்றியிருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு. சில ஜெர்மன் சொகுசுக் கார்களில் ஆயிலின் நிலையை நேரடியாக அளக்கும் சென்சார் உண்டு. உங்கள் போலோவில் இல்லை.

விளக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத வண்டி ஒன்று உண்டு: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, புகைக்கரி வடிகட்டி பொருத்திய பி.எஸ்.6 டீசல். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். டவுன் டிராஃபிக்கில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். எவ்வளவு கலந்திருக்கும் என்று இன்ஜின் கணினி மதிப்பிட்டு, 10,000 கி.மீ. ஆகும் முன்பே ஆயிலை மாற்றச் சொல்லும் வண்டிகள் உண்டு. அங்கே அது தேதி நினைவூட்டல் அல்ல. ஆயிலை மாற்றாமல் அணைத்தால் நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் ஓடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதுவே அடையாளம், முகர்ந்தால் டீசல் வாடையும் வரலாம். இந்தக் கணக்கு மீட்டரில் இல்லாமல் இன்ஜின் கணினியில் இருப்பதால், பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் சுழியமாக்க முடியாது.

மறுபடி உங்கள் காருக்கு வருகிறேன். எந்த விளக்கும் சொல்லாத, நீங்களே பார்க்க வேண்டிய விஷயங்கள் சில. மெக்கானிக் ஊற்றிய ஆயில் டப்பா கிடைத்தால் பின்பக்கம் பாருங்கள். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற எண் மட்டும் போதாது, பெட்ரோல் இன்ஜினுக்கு ஃபோக்ஸ்வாகன் 502 00 என்ற ஒப்புதல் எண் இருக்க வேண்டும். அது இல்லாத ஆயிலால் இன்ஜின் நாளைக்கே கெடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 15,000 கி.மீ. இடைவெளியை அதை நம்பி ஓட்டாதீர்கள். பாதியிலேயே மாற்றிவிடுவது என் யோசனை. இது என் எச்சரிக்கைதான், எங்கும் எழுதிவைத்த விதியல்ல. அடுத்து, சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான் சார்' என்பது தப்பு. மேல் குறிக்கு மேலே போனால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், புகைக்குழாய் வழியாகவும் போகும். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். டீசலில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும்.

இரண்டு நாள் ஓட்டிய பிறகு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை இரவு முழுக்க விரித்துவைத்துப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் பெரும்பாலும் இரண்டே இடம்: ஆயிலை இறக்கும் திருகு (டிரெய்ன் பிளக்), ஃபில்டர். பழைய வாஷரையே மறுபடி போட்டிருக்கலாம். அல்லது, முழுதாகத் திருகி மாட்டும் வகை ஃபில்டர் என்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருக்கலாம். இரண்டாவது ஆபத்தானது. இரட்டை வளையம் சில நாள் தாங்கும், பிறகு அழுத்தத்தில் பிதுங்கி மொத்த ஆயிலையும் சாலையில் கொட்டிவிடும். அப்போது எரிவது ஸ்பேனர் அல்ல, அந்தச் சிவப்புக் குடுவை.

800 ரூபாய் விஷயம். மேலே சொன்னபடி இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தும் போகவில்லை என்றால் 0.0/செட் பட்டனோ கடிகாரப் பட்டனோ தேய்ந்திருக்கலாம். டிரிப் மீட்டர் சுழியமாகிறதா, கடிகார நேரம் மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் வேலை செய்தும் படம் அணையாவிட்டால் ஸ்கேனர்தான் வழி. இணையத்தில் வாங்கும் சிறு ஈ.எல்.எம்.327 ஓ.பி.டி. கருவியும் இலவச செயலியும் இதற்கு உதவாது. அவை எல்லாக் காருக்கும் பொதுவான இன்ஜின் தகவலை மட்டும் படிக்கும், சர்வீஸ் கணக்கு இருக்கும் மீட்டர் பகுதிக்குள் போகாது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான வி.சி.டி.எஸ்., ஓ.பி.டி.லெவன் போன்ற ஸ்கேனர்கள் போகும். வி.சி.டி.எஸ்.ஸில் சர்வீஸ் ரீசெட்டுக்கென்றே தனித் தேர்வு உண்டு, சில நிமிட வேலை. கடைக்குப் போனால், எல்லாக் கணினிகளிலும் பதிந்திருக்கும் கோளாறுப் பட்டியலை முதலில் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு சர்வீஸ் கணக்கை மட்டும் சுழியமாக்கச் சொல்லுங்கள். 'எல்லாத்தையும் கிளியர் பண்ணிடுறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒரு சென்சார் கோளாறு அங்கே காத்துக்கொண்டிருந்தால், அடுத்து அதைத் தேடுபவருக்குத் துப்பு எதுவும் மிஞ்சாது. பட்டியலோடு சேர்த்து 800 என்றால் கொடுக்கலாம். ஸ்பேனரை அணைக்க மட்டும் என்றால் அதிகம்.